“சிறந்த போர்ப்படம் எது?” என்று கேட்ட சனிக்கிழமை

நான் முன்பு வேலை பார்த்த வானொலியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “உம்மை ஆர் அனுப்பினது?” என்பதுதான். பாவம், பயந்து போனாள். வேலையை விட்டு இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் பழக்கம் என்னை விடவில்லை.

“இப்ப ஒருத்தரும் போன் கோல் எடுக்கிறேல்லை அன்ரி. எல்லாரும் டைப் பண்ணி அனுப்புகினம், நாங்கள் ஸ்கிரீனைப் பாத்து வாசிக்கிறம். அந்தக் காலத்தில நீங்கள் கோல் எடுத்து எப்பிடி ஆக்களை உள்ளுக்கு விட்டனீங்கள் எண்டு எழுதுங்கோ. ஜொலியா எழுதுங்கோ” என்றாள்.

ஜொலியாகத்தான் தொடங்கினேன். முதல் பக்கம் நன்றாகவே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைத் தாண்டி எழுத முடியவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன். மலருக்குப் பொருந்தாவிட்டால் போடாமல் விடட்டும், எனக்குக் கோபமில்லை. போட்டால் யார் சொல்லிப் போட்டார்கள் என்று யோசிப்பேன், அவ்வளவுதான்.

நான் அந்த வேலைக்குப் போன கதை பெரிதாக ஒன்றுமில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். வானொலிக்குத் தொலைபேசி எடுக்க ஆள் தேவை என்றார்கள், போனேன். தொண்ணூறுகளின் முற்பகுதி அது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. எங்கள் வானொலி சாதாரண ரேடியோவில் கேட்காது. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும். குசினியில் அந்தப் பெட்டி இல்லாத தமிழ் வீடு அப்போது குறைவு. அதனால் நாங்கள் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் பின்னேரத்துக்குள் மல்வேர்னிலிருந்து ஒஷாவா வரைக்கும் தெரிந்துவிடும்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கனகு அண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் தந்தி அடித்தவர். ஆகக் குறைந்த சொற்களில் கதைப்பார். வானொலியில் ஆளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் சுவெற்றரோடு வருவோம், அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவார். முதல் நாள் என்னை மேசையில் இருத்திவிட்டு அவர் தந்த பயிற்சி இவ்வளவுதான்: “குரலை நம்பாதேங்கோ. மூச்சைக் கேளுங்கோ.” அதற்கு மேல் விளக்கவில்லை. ஒரு மாதத்தில் நானே விளங்கிக்கொண்டேன். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போகிறவர் ஒரு மாதிரி மூச்சு விடுவார். காற்றலையில் யாரையாவது திட்டப் போகிறவர், நிரையில் காத்திருக்கும்போதே நீளமாக இழுத்து வைத்துக்கொள்வார்.

வேலை இப்படி. மூன்று லைன்கள். அழைப்பவரிடம் நான்கு கேள்வி கேட்பேன்: பெயர், இடம், என்ன சொல்லப் போகிறீர்கள், தொலைபேசி இலக்கம். அதை ஒரு துண்டில் எழுதுவேன். பிறகு வைத்துவிடச் சொல்லி, அந்த இலக்கத்துக்கு நானே திருப்பி எடுப்பேன். இது கனகு அண்ணையின் சட்டம். “சொந்த நம்பர் தந்தவன் யோசிச்சுக் கதைப்பான்” என்பார். துண்டைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளுவேன். அவர் வாசித்துத் துண்டைத் திருப்பித் தள்ளுவார். ஒரு விரல் காட்டினால் ஆளை உள்ளே விடலாம். உள்ளங்கை காட்டினால் பொறு. கழுத்துப்பட்டியில் குறுக்கே விரலை இழுத்தால் வெட்டு. வெட்டுகிற சாம்பல் நிற சுவிச் என் மேசையில்தான் இருந்தது. அவருடைய மேசையில் வைக்கத்தான் பார்த்தார்கள், வயர் எட்டவில்லை. அதை அழுத்தினால் ஆள் போய்விடும், பாட்டு வரும்.

எங்கள் சனத்தின் பெயர்களை நான் நம்பியதே இல்லை. குமார் என்பவர் குமார் இல்லை, சாந்தி என்பவர் சாந்தி இல்லை. ஊரில் எந்த இயக்கத்தில் இருந்தார், எதை விட்டு ஓடி வந்தார், யாருக்குப் பயம் என்று ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும். இடத்தையும் நம்ப மாட்டேன். நகரத்துக்கு வெளியே பிறம்ரன் என்பார்கள். பிறம்ரன் என்றால் இலக்கம் 905இல் தொடங்க வேண்டும். அவர் தருவது 416 என்றால் ஆள் நகரத்துக்குள்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஒருமுறை ஒரு பெண் தன் மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, “மாமா, மூண்டு பெட்டி மாம்பழம் வந்திருக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுங்கோ” என்றார். மாரி காலம், வெளியில் பனி கொட்டுகிறது. மாரியில் ஏது மாம்பழம்? இது ஏதோ குறிப்பு என்று நினைத்து வெட்டிவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பெண் ஒரு பெட்டி மாம்பழத்தோடு படியேறி வந்து, என் மேசையில் தொப்பென்று வைத்துவிட்டுப் போனார். எங்கோ தென் அமெரிக்காவிலிருந்து இறக்கிய பழமாம். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். கனகு அண்ணை மட்டும் சாப்பிடவில்லை. “ஏன் கொண்டு வந்தவ எண்டு தெரியாது” என்றார். அவரிடம் வேலை பழகியவள் நான்.

சனிக்கிழமை மத்தியானம் நேயர் நேரம். அதற்குத் தலைப்புத் தேடுவதுதான் கனகு அண்ணையின் பெரிய தலையிடி. அரசியல் மணக்கக் கூடாது, சாதி மணக்கக் கூடாது, ஊர் மணக்கக் கூடாது. வெண்டிக்காயைப் பற்றி ஒருமுறை வைத்தோம். அதுகூட யாழ்ப்பாணத்துச் சமையலா மட்டக்களப்புச் சமையலா என்று அடிபிடியில் முடிந்தது. அந்தக் கிழமை வீடியோக் கடைகளில் ஒரு வெள்ளைக்காரப் போர்ப்படத்துக்கு நிரையில் நின்றார்கள். எங்கள் அறிவிப்பாளர்தான் சொன்னார், “அண்ணை, சிறந்த போர்ப்படம் எது, ஏன் எண்டு கேட்டா என்ன?”

கனகு அண்ணை கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “படம்தானே. பொய். வையுங்கோ” என்றார்.

அதுதான் நாங்கள் விட்ட பிழை. போரிலிருந்து ஓடி வந்த சனத்திடம் போர்ப்படத்தைப் பற்றிக் கேட்டால் படத்தைப் பற்றிக் கதைப்பார்கள் என்று நினைத்தோம்.

தலைப்பை அறிவித்ததும் மூன்று லைனும் சேர்ந்து எரிந்தன. முதல் வந்த இரண்டு பேருக்கும் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. “உந்தக் கேள்வியை உங்களுக்கு ஆர் எழுதித் தந்தது?” என்று ஒருவர் கேட்டார். “ஏன் இப்ப கேக்கிறியள்? போன கிழமை ஏன் கேக்கேல்லை?” என்று மற்றவர் கேட்டார். இருவரையும் நான் உள்ளே விடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. அறிவிப்பாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு நல்ல அழைப்புகள் வந்தன. ஒஷாவாவிலிருந்து ஒருவர், கார்த் தொழிற்சாலை வேலையாள், ஒரேயொரு குறைதான் சொன்னார். “ஷெல் விழுந்தாப் பிறகு ஆக்கள் ஓடுறாங்கள். எங்கை ஓடுறது? சத்தம் கேக்கேக்கையே நாங்கள் படுத்திட்டமே. தூரத்தில ஏவேக்கை குத்துற சத்தம் ஒண்டு, கூவுற சத்தம் ஒண்டு, பிறகுதான் விழுற சத்தம். அதை எண்ணத் தெரியாதவன் போர்ப்படம் எடுக்கக் கூடாது.”

மல்வேர்னில் இருந்து ஒரு அம்மா. “நான் எத்தினையோ போர்ப்படம் பாத்திட்டன் தம்பி. ஒண்டிலயும் ஒருத்தரும் கக்கூசுக்குப் போறேல்லை. பங்கருக்குள்ள நாலு குடும்பம் மூண்டு நாள் இருந்தனாங்கள். குண்டைப் பற்றியோ யோசிச்சனாங்கள்? எனக்கு அந்தக் கவலையைக் காட்டுற படம்தான் நல்ல போர்ப்படம்.” அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். கனகு அண்ணையும் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

உயர்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை எடுத்தாள். “எனக்கு, லைக், சவுண்ட் சிஸ்ரம்தான் முக்கியம். தியேட்டர் ஃபுல்லா ஷேக் ஆக வேணும். அதர்வைஸ் இற்ஸ் சோ போறிங்.” அவள் வைத்த கையோடு ஒஷாவாக்காரர் திரும்பவும் எடுத்தார். “பிள்ளை, ஷேக் ஆகிறதுக்கு நாங்கள் காசு குடுக்கேல்லை” என்று சொல்ல வேண்டுமாம். விடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நல்ல போர்ப்படத்தில் போரே இருக்கக் கூடாது, கடிதத்துக்குக் காத்திருக்கும் ஒரு வீட்டைக் காட்டினால் போதும் என்றார். இன்னொருவர், எதிராளியும் மனிசன்தான் என்று காட்டுகிற படமே உயர்ந்த படம் என்றார். அவ்வளவுதான், மூன்று லைனும் பற்றிக்கொண்டன. “அவன் ஆர்? எந்த ஊர்? அவன்ர குரல் எனக்குத் தெரியும்.” அடுத்து வந்தவர், எதிராளியை மனிசனாகக் காட்டுகிற படமெல்லாம் எதிராளியின் காசில் எடுத்தது என்றார். நான் துண்டுகளில் கிறுக்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவரும் எதை நல்ல படம் என்கிறாரோ, அதை வைத்து ஊரில் அவர் எங்கே நின்றிருப்பார் என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைச் சுற்றி இருந்த சனமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது லைனில் அந்த ஆள் வந்தார்.

“பெயர்?”

“குமார்.”

“இடம்?”

“பிறம்ரன்.”

இலக்கம் 416. சரி, எழுதினேன்.

“என்ன சொல்லப் போறியள்?”

மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூச்சு விடுகிறவர் போல இருந்தது. பிறகு சொன்னார். “எல்லாரும் நல்லதெண்டு புழுகுற அந்த வெள்ளைக்காரப் படத்தில ஒரு தலையாட்டி வாறான். அந்த இடம் பிழை. அதைச் சொல்ல வேணும்.”

எங்கள் நாட்டில் இருந்தவர்களுக்குத் தலையாட்டி யார் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊரை ஆமிக்காரர் சுற்றி வளைப்பார்கள். ஆண்கள் எல்லோரையும் ஒரு வெளிக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அங்கே ஒரு ஜீப்பில், தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு மூடிய ஒருவர் இருப்பார். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் நடக்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்கு தலையாட்டினால் மற்றப் பக்கம் நிற்கும் லொறியில் ஏற வேண்டும். ஏறியவர்கள் பலர் திரும்பவில்லை.

எங்கள் ஊரில் அது பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. எனக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிரையில் என் தம்பி சபேசன். அவனுக்கு நேர் பின்னால் என் கணவர். தம்பிக்குச் சாக்கு தலையாட்டியது. என் கணவருக்கு ஆட்டவில்லை. மத்தியானம் அவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். என் அம்மா முற்றத்தில் நின்றபடியே, “உம்மை மட்டும் எப்பிடி விட்டவங்கள்?” என்று கேட்டார். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

என் கணவர் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். அரிசி, கோதுமை மா, சீனி எல்லாம் அங்கேதான் வரும். ஆமிக்காரரும் சாமான் எடுக்க வருவார்கள், இவரும் அவர்களோடு இரண்டு வார்த்தை கதைக்கத்தான் வேண்டும். இது போதாதா ஊருக்கு? “தலையாட்டி போட்டிருந்த சாக்கு சங்கக்கடைச் சாக்குத்தானே” என்று ஒருவர் கிணற்றடியில் சொன்னார். என் காதுபடச் சொன்னார். மாச்சாக்கு எல்லாம் சங்கக்கடையில் இருந்துதான் ஊருக்குள் போனது, அது உண்மை. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தம்பி வரவில்லை. அம்மா சாகும்வரை மருமகனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாங்கள் கனடாவுக்கு வந்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள். நானும் இவரும் ஒருநாளும் அந்த மைதானத்தைப் பற்றிக் கதைத்ததில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படியொரு அழைப்பு வந்தால் துண்டை எழுதி, “பிறகு எடுக்கிறம்” என்று சொல்லி விட்டுவிடுவதுதான் என் வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. திருப்பி எடுத்தேன். துண்டில் இலக்கத்தோடு “குமார், பிறம்ரன், படத்தில் ஒரு காட்சி பிழை” என்று மட்டும் எழுதிக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். தலையாட்டி என்ற சொல்லை எழுதவில்லை. கனகு அண்ணை ஒரு விரல் காட்டினார். தலையாட்டியைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும் என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. ஆள் மேல் நம்பிக்கை வந்து நான் உள்ளே விடவில்லை. முழுச் சந்தேகத்தோடுதான் விட்டேன்.

“வணக்கம். நான் குமார்” என்று தொடங்கினார். “எல்லாரும் இந்தப் படத்தை நல்ல போர்ப்படம் எண்டுகினம். நான் இல்லை எண்டுறன். அதில தலையாட்டி நிமிந்து இருக்கிறான். ஒவ்வொரு முகமாப் பாக்கிறான், யோசிக்கிறான், பிறகு ஆட்டுறான். அப்பிடி இல்லை.”

“பின்னை எப்பிடி அண்ணை?” என்று அறிவிப்பாளர் கேட்டார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

“சாக்குக்கு அளந்து ஓட்டை வெட்டுறேல்லை. ஒண்டு நெத்தியில நிக்கும், மற்றது கன்னத்தில நிக்கும். அதுக்குள்ளால முகம் தெரியாது. சாரமும் காலும்தான் தெரியும். பின்னால ஒரு ஆமிக்காரன் துவக்கை முதுகில முட்டிக்கொண்டு நிப்பான். மாச்சாக்கு எண்டா உள்ளுக்கு மா ஒட்டியிருக்கும். மூச்சு எடுக்க எடுக்க மூக்குக்குள்ள போகும். தும்மல் வரும். தும்மினாலும் தலை ஆடும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகு அண்ணை எழும்பி நின்றார். வெட்டச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கையை சுவிச்சில் வைத்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டினார். பொறு. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அந்த மனிதர், கண்ணாடியோடு உள்ளங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்த ஆமிக்காரனுக்கு அது தும்மலோ, தலையாட்டலோ எண்டு தெரியாது. தெரிஞ்சாலும் ஆளை ஏத்திப் போடுவான். இதைக் காட்டுற படம் ஒண்டும் நான் பாக்கேல்லை. ஒரு நல்ல போர்ப்படம் எண்டா, என்னைக் கேட்டா...”

நான் சுவிச்சை அழுத்தினேன்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வேலைச் சட்டம் அல்ல. கனகு அண்ணை பொறு என்றுதான் காட்டினார். எனக்கு ஒரு துரோகி வேண்டும். சாக்குக்குள் இருந்து ஒருவன் என் தம்பியின் முகத்தைப் பார்த்து, அவன் யாரென்று தெரிந்து, தலையாட்டியிருக்க வேண்டும். ஒரு தும்மலுக்காக அவன் லொறியில் ஏறினான் என்று கேட்க என்னால் முடியவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் அந்த ஆள் மேலா, சாக்கின் மேலா, மாவின் மேலா என்று இன்றும் தெரியாது.

பாட்டு ஓடியது. லைன்கள் அணையவே இல்லை. “அந்தாளுக்குச் சாக்குக்குள்ள இருந்தது எப்பிடித் தெரியும்?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். “உள்ளுக்கு இருந்தவனுக்குத்தானே தெரியும்” என்று பதிலையும் அவர்களே சொன்னார்கள். ஒரு ஆண்குரல் மிகவும் மரியாதையாக, “அக்கா, அவற்ர நம்பரை ஒருக்காத் தாங்கோ, நாங்கள் கொஞ்சம் கதைக்க வேணும்” என்றது. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. நம்பர் எடுக்கவில்லை என்று சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கனகு அண்ணை என் பக்கம் வந்தார். அன்றைய துண்டுகள் முழுவதையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து நாலாகக் கிழித்துத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டு ஊற வைத்தார். குமாரின் துண்டு அதில் இல்லை. அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் கைப்பையைப் பார்த்தார்.

“வயித்துப் பிழைப்புக்கு வந்த சனம், தவமணி” என்றார். அவர் வாயில் அது நீளமான வசனம். “ஆரும் கேட்டா, அந்த நம்பர் இல்லை.”

“இல்லை அண்ணை” என்றேன்.

“ஏன் வெட்டினனீங்கள்?”

“பிழையா அழுத்திப் போட்டன்.”

அவர் நம்பவில்லை. நம்பாததை வெளியில் காட்டவும் இல்லை. நான் பழகிய பாடம் அவருடையதுதான்.

பஸ்ஸில் வரும்போது பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தமிழர். என் பையைப் பார்ப்பதுபோல் இருந்தது. இரண்டு தரிப்பு முந்தியே இறங்கி நடந்தேன். அந்த இலக்கத்தை வைத்து என்ன செய்வது என்று எனக்கு ஒரு முடிவும் இல்லை. எடுத்துக் கேட்கலாம். அந்த மரியாதையான குரலிடம் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த ஆளுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று இங்கே பொய் எழுதமாட்டேன்.

இனி வருவதை என் கணவர் இருக்கும்வரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது இவர் இல்லை.

வீட்டுக்குள் போனபோது இவர் குசினி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். ரேடியோப் பெட்டி நிறுத்தியிருந்தது. சனிக்கிழமைகளில் அது நிறுத்துவதே இல்லை.

“அந்தாளை ஆர் வெட்டினது?” என்று கேட்டார். தலை நிமிரவில்லை.

“கனகண்ணை.”

“சுவிச் உன்ர மேசையிலயெல்லே இருக்கு.”

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“இன்னும் ஒரு நிமிசம் விட்டிருக்கலாம்” என்றார். “இவ்வளவு காலமும் நான் சொல்லத் தெரியாமல் இருந்ததை அந்தாள் சொல்லிக்கொண்டிருந்தது.” காய் முறிக்கிற சத்தம் நின்றது. “தவம், நீயும் என்னைச் சந்தேகப்பட்டனியோ?”

பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் அதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ‘இல்லை’ எந்தக் குரலில் வரும் என்று எனக்கே தெரிந்தது. லைனில் ஆட்களை ஆற்றுவதற்கு வைத்திருக்கும் குரல் அது. இவர் சனிக்கிழமை தோறும் கேட்கிற குரல்.

“ஓம்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தலையை மெதுவாக ஆட்டினார். “தெரியும். சோறு போடேக்க நீ என்ர முகத்தைப் பாக்கிறேல்லை.” பிறகு சொன்னார், “நானும்தான்.”

“நீங்கள் என்ன?”

“நானும்தான் சந்தேகப்படுறன். சபேசனுக்கும் எனக்கும் இடையில ஒரு முழம். அவனுக்கு ஆடினது, எனக்கு ஆடேல்லை. ஏன்? சாக்குக்குள்ள இருந்தது எனக்குத் தெரிஞ்ச ஆளோ? நான் சங்கக்கடையில அரிசி கூடப் போட்டுக் குடுத்த ஆரோ? எனக்காக ஒருத்தன் தலையை அசைக்காமல் பிடிச்சு வைச்சிருந்தவனோ? இஞ்ச ஒருத்தர் பஸ்ஸில எனக்கு இடம் விட்டாலும், உவனோ எண்டு பாக்கிறன்.”

எனக்கு அழுகை வந்தது. அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, செய்யவில்லை. கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து மேசையில் காய்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் இலக்கத்தைப் பார்த்தார். எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

நான் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். “எந்த ஊர் எண்டு கேளுங்கோ. எந்த வருசம் எண்டு கேளுங்கோ. பள்ளிக்கூட மைதானமோ எண்டு கேளுங்கோ” என்று முணுமுணுத்தேன்.

மணி பலமுறை அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மூச்சு மட்டும்.

“தம்பி, நான் இண்டைக்கு ரேடியோ கேட்டனான்” என்றார் இவர். “வைச்சிடாதேங்கோ. ஒண்டும் இல்லை, படத்தைப் பற்றித்தான். நான் ஒரு போர்ப்படமும் முழுசாப் பாத்ததில்லை. ஆனா நீங்கள் சொன்னது சரி. படத்தில பிழையாத்தான் காட்டுறாங்கள்.”

அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வரத் தொடங்கியது. சொல் விளங்கவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கனநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். “ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ம்”. அந்த ஆள் என்ன சொன்னார் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

“சரி தம்பி. உங்கட குரலை இனி ரேடியோவில விடாதேங்கோ. சுகமா இருங்கோ” என்று வைத்தார். பிறகு அந்தத் துண்டைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்து, மை கரைந்து போகும்வரை நின்றார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. “ஒரே ஒரு கேள்வி” என்று கத்தினேன். “எந்த ஊர் எண்டு கேக்க உங்களுக்கு வாய் இல்லையோ? இவ்வளவு வருசம் நாங்கள் பட்ட பாட்டுக்கு, ஏன் கேக்கேல்லை?”

அவர் மேசைக்குத் திரும்பி வந்து இருந்து, ஒரு பயற்றங்காயை எடுத்தார்.

“கேட்டிருந்தா அந்தாள் சொல்லியிருக்கும்” என்றார்.